சோதனையெல்லாம் சரி, நெஞ்சும் வயிறும் மட்டும் சரியில்லை: புதிதாக மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இ.சி.ஜி. சரி. ரத்தம் சரி. எக்ஸ்ரேயும் சரி. "ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு நாள் நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஒரு ராத்திரி சாப்பிட்டுப் படுத்ததும் நெஞ்சு மறுபடி இறுக்குகிறது, வயிறு பொருமுகிறது, ஏப்பம் வந்தும் வராமலும் தொண்டையில் நிற்கிறது. ஒன்றும் இல்லை என்றால் இது என்ன?

இந்தக் கேள்வியோடு, மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே தொல்லை கொஞ்சம் கூடுதல். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய சம்பளம் போச்சு. போகாவிட்டால் ராத்திரித் தூக்கம் போச்சு. நடுவில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். நான் டாக்டர் இல்லை. பல வருடமாக இந்தத் தொல்லையோடு வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பவன். என் கருத்து ஒன்றுதான்: சோதனைகள் சரி என்று வந்தபிறகும் அடுத்த ஸ்கேன், அடுத்த ஸ்பெஷலிஸ்ட் என்று ஓடுவதைவிட, ஒரே டாக்டரை வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்று செய்து பார்ப்பதுதான் பலன் தரும். அதை எந்த வரிசையில் செய்வது என்று கீழே சொல்கிறேன்.

முதலில், எப்போது இதையெல்லாம் விட்டுவிட்டு 999 (ஆம்புலன்ஸ்) அழைக்க வேண்டும்

நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் அழுத்தம், அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் வருவது. இவற்றில் எது வந்தாலும், போன வாரம் எடுத்த இ.சி.ஜி. சரியாக இருந்ததே என்று யோசிக்காதீர்கள். அந்தத் தாள் போன வாரத்து இதயத்தைப் பற்றிச் சொல்வது. மேட்டில் ஏறும்போதும் வேலை செய்யும்போதும் நெஞ்சு இறுக்கி, உட்கார்ந்தால் விடுகிறது என்றால், வலி லேசாக இருந்தாலும் அதே வாரத்தில் டாக்டரிடம் காட்ட வேண்டும். அப்படி இறுக்குவது அடிக்கடி வர ஆரம்பித்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நம் ஆட்கள் இங்கே ஒரு சோதனை வைப்பார்கள்: ஈனோ குடித்துப் பார், ஏப்பம் வந்து விட்டுப் போனால் அது காற்றுதான். இதை நம்பக் கூடாது. மாரடைப்பு வலியும் சில நேரம் தானாகக் குறைந்து, மருந்து கேட்டதுபோலத் தோன்றும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மாரடைப்பு வெறும் அஜீரணம் மாதிரியோ, வாந்தி மாதிரியோ, காரணமில்லாத அசதி மாதிரியோ வரலாம். மலேசியாவில் சர்க்கரை நோய் இந்தியர்களிடம்தான் அதிகம் என்று சுகாதார அமைச்சின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதனால் நம் வீடுகளில் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகவே பொருந்தும். நெஞ்சுவலியோடு மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவும் வேண்டாம்.

வயிற்றுப் பக்கம் கவனிக்க வேண்டியவை: ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பாக மலம் போவது, விழுங்கும்போது சோறு நெஞ்சில் நிற்பது, முயற்சி இல்லாமலே எடை குறைவது, ரத்தசோகை, மஞ்சள் காமாலை, ஐம்பதைத் தொட்டபின் முதன்முறையாக ஆரம்பித்த வயிற்றுத் தொல்லை, நெருங்கிய உறவில் இரைப்பைப் புற்றுநோயோ குடல் புற்றுநோயோ வந்திருப்பது. ரத்த வாந்திக்கும் கறுப்பு மலத்துக்கும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதை டாக்டரிடம் சொல்லுங்கள்; ஆனால் அதுதான் காரணம் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். மற்றவற்றுக்கு இந்த வாரமே கிளினிக்.

இவை எதுவும் இல்லை என்றால் மேலே படியுங்கள்.

எந்தச் சோதனை எதைப் பார்த்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

"எல்லாச் சோதனையும் எடுத்தாச்சு" என்று சொல்பவர்களிடம் விசாரித்தால், பல நேரம் ஒரு இ.சி.ஜி.யும் ஒரு குழாய் ரத்தமும்தான் எடுத்திருப்பார்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. இ.சி.ஜி. அந்தச் சில வினாடி இதயத்தின் மின்னோட்டத்தைக் காட்டும். ட்ரோபோனின் என்ற ரத்தச் சோதனை இதயத் தசை சேதப்பட்டிருக்கிறதா என்று காட்டும். வலி தொடங்கிய உடனே எடுத்தால் ஏறியிருக்காது என்பதால், சில மணி நேரம் கழித்து இன்னொரு முறையும் எடுப்பார்கள். ஓட்டப் பட்டையில் (ட்ரெட்மில்) நடக்க வைக்கும் சோதனை, வேலை கூடும்போது இதயத்துக்கு ரத்தம் போதுகிறதா என்று பார்ப்பது. வயிற்று ஸ்கேன் பித்தப்பைக் கல்லைக் காட்டும், இரைப்பைப் புண்ணைக் காட்டாது. புண்ணைப் பார்க்க வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி வேண்டும்.

ஆக டாக்டரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "எனக்கு எதெல்லாம் இல்லை என்று உறுதியாகிவிட்டது? எது இன்னும் பார்க்கப்படவில்லை? அதைப் பார்க்க அவசியம் இருக்கிறதா?" கடைசிக் கேள்வியை விடாதீர்கள். எச்சரிக்கை அறிகுறி இல்லாத இளம் வயதுக்காரருக்கு எண்டோஸ்கோபி தேவையில்லை என்று டாக்டர் சொன்னால், அவர் உங்களைத் தட்டிக்கழிக்கிறார் என்று அர்த்தமில்லை.

இ.சி.ஜி. தாளை போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அவசரப் பிரிவுக்குப் போனால், பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

இவ்வளவும் பார்த்து எல்லாம் சரி என்றால் மிஞ்சுவது என்ன? உணவுக்குழாயில் அமிலம் ஏறுவது, உணவுக்குழாய்த் தசை இழுத்துப் பிடிப்பது, உறுப்பில் புண் இல்லாமலே இரைப்பை சரியாக வேலை செய்யாமல் இருப்பது, குடல் எரிச்சல் நோய், விலா எலும்புக் குருத்து வலி, பதற்றம். பெரும்பாலும் இதில் ஒன்றோ, ஒன்றுக்கு மேற்பட்டவை கலந்தோ இருக்கும். கலப்படமாக வருவதால்தான் ஒரே மருந்தில் முழுதாகப் போவதில்லை.

ஒரு டாக்டர், ஒரு கோப்பு

கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசு சுகாதார கிளினிக்கில், குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்). அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்குப் போனால் 5 வெள்ளி. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கட்டணம் கூடுதல். அவர்கள் போவதற்கு முன்பே முதலாளியின் காப்புறுதி எதற்கெல்லாம் பணம் கொடுக்கும் என்று தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சுங்கை சிப்புட்டிலேயே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஸ்பெஷலிஸ்ட் வேண்டுமென்றால் பெரும்பாலும் ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைதான். தவணைக்குக் காத்திருக்க வேண்டிவரும். அந்தக் காத்திருப்பில்தான் பலர் பொறுமை இழந்து, தனியார் கிளினிக் ஒன்று, அப்புறம் இன்னொன்று என்று சுற்றுவார்கள். ஒவ்வொரு இடத்திலும் புது டாக்டர், புது மாத்திரை, முதலிலிருந்து கதை. முந்தின இடத்தில் என்ன கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அரசோ தனியாரோ, உங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவரிடமே போங்கள். பெரிய கிளினிக் கெசிஹாத்தான்களில் குடும்ப மருத்துவ ஸ்பெஷலிஸ்ட் இருப்பார். இந்த மாதிரி நீண்ட நாள் தொல்லைக்கு இதய ஸ்பெஷலிஸ்டைவிட அவர்தான் பொருத்தம் என்பேன். அவர் உங்களை முழு ஆளாகப் பார்ப்பார்.

வயது நாற்பதைத் தாண்டி, அரசின் உதவித்தொகை பெறும் குடும்பம் என்றால், 2019 முதல் நடக்கும் பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை இருக்கிறது. ஊரில் அதில் சேர்ந்த தனியார் கிளினிக் எது என்று கேட்டுப் போகலாம். சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்ப்பார்கள். வயிற்று வலிக்கு இது நேரடி விடை தராது. ஆனால் கையில் ஓர் அடிப்படைக் கணக்கு இருக்கும்.

டாக்டரிடம் "காஸ்ட்ரிக்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நெஞ்சு எரிவதும் வயிறு ஊதுவதும் ரெண்டு வாய் சாப்பிட்டதும் நிறைந்துபோவதும் நம் ஊரில் எல்லாமே காஸ்ட்ரிக்தான். டாக்டருக்கோ ஒவ்வொன்றும் வேறு வேறு திசை. தமிழ் தெரியாத டாக்டர் என்றால் சில மலாய்ச் சொற்கள் போதும்: நெஞ்செரிச்சலுக்கு 'பெடிஹ் உலு ஹாத்தி', மேல்வயிறு பிசைவதற்கு 'செனாக்', வயிறு ஊதினால் 'கெம்போங்', ஏப்பத்துக்கு 'செண்டாவா', படபடப்புக்கு 'பெர்டெபார்', மலச்சிக்கலுக்கு 'செம்பெலித்'. எந்த இடம் என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடிகிற வலிக்கும், உள்ளங்கையை விரித்துக் காட்டுகிற வலிக்கும் டாக்டர் வேறு வேறு கேள்வி கேட்பார்.

இரண்டு வாரம் எழுதுங்கள்

பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். செயலி எல்லாம் வேண்டாம். போனைத் திறந்தால் நோயைத் தேட ஆரம்பித்துவிடுவோம். வலி வரும்போது ஐந்து விஷயம் மட்டும் எழுதுங்கள்: மணி, கடைசியாக என்ன எப்போது சாப்பிட்டேன், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், எவ்வளவு நேரம் இருந்தது, எதனால் விட்டது. காலையில் எழுந்ததும் முந்தின ராத்திரி எப்படித் தூங்கினேன் என்று ஒரு வரி.

ஒரு பதிவு இப்படி இருக்கும்: "ராத்திரி 11.20. ஒன்பதரைக்கு ரொட்டி சானாய் ரெண்டு, தே தாரிக். படுத்ததும் நெஞ்சு நடுவில் எரிச்சல், வாயில் புளிப்பு. உட்கார்ந்ததும் குறைந்தது, அரை மணி நேரம்." இந்த ஒரு பதிவே டாக்டருக்கு நிறையச் சொல்லும். இன்னொன்று: "காலை 10. வெறும் வயிறு. குலை வெட்டிக்கொண்டிருந்தேன், இடது பக்கம் குத்தல், கையைத் தூக்கினால் கூடுது." இது வேறு கதை. "ஞாயிறு மாலை 6. ஒன்றும் சாப்பிடவில்லை. மகனின் பள்ளிக் கட்டணம் பற்றிப் பேச்சு. படபடப்பு, மூச்சு முட்டல், விரல் மரத்துப் போச்சு, கால் மணி நேரம்." இதுவும் வேறு.

வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். போட ஆரம்பித்தால் நாள் முழுக்க வயிற்றையே கவனித்துக்கொண்டிருப்போம். இரண்டு வாரம் முடிந்ததும் நோட்டை டாக்டரிடம் காட்டிவிட்டு, எழுதுவதை நிறுத்துங்கள். அடுத்த மாற்றம் செய்து பார்க்கும்போது மறுபடி எடுத்தால் போதும்.

மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போகிறார்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை, பொடி, எண்ணெய், டானிக் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடமோ மருந்தாளரிடமோ எடுத்துப் போங்கள். வயிற்றைக் கெடுப்பது பல நேரம் அதற்குள்ளேயே இருக்கும்.

மூட்டு வலிக்கும் பல் வலிக்கும் மாதவிடாய் வலிக்கும் வாங்கும் வலி மாத்திரைகள்: பொன்ஸ்தான், டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென். இவை இரைப்பையின் உள்தோலை அரிக்கும். வேலை முடிந்து முதுகு வலிக்கிறது என்று தினமும் ஒன்று போட்டுக்கொண்டு, காஸ்ட்ரிக்குக்குத் தனியாக ஒன்று போடுகிறவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். அளவோடு பாராசிட்டமால் இரைப்பைக்கு அவ்வளவு கெடுதல் செய்யாது. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் பலருக்கு வயிறு ஊதுவதையும் பேதியையும் கொண்டுவரும். அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. சாப்பாட்டோடு எடுப்பதா, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவதா என்று டாக்டரிடம் கேளுங்கள். இதயத்துக்குக் கொடுத்த ஆஸ்பிரினும் வயிற்றை உறுத்தும். அதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம் பசார் மாலாமில் (இரவுச் சந்தை) விற்கும் பெயர் தெரியாத மூட்டுவலிப் பொடி, ஜமு என்ற மூலிகை மருந்து, 'சர்வரோக' மாத்திரை. ஒரே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள். பாரம்பரிய மருந்து என்று விற்கப்படுவதில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நாளாக ஆகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், வலி மாத்திரையோடு சேர்ந்தால் இரைப்பையில் புண் வரும் அபாயமும் கூடும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, அதனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஒளிவில்லையும் (ஹோலோகிராம் ஸ்டிக்கர்) இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது குறைந்தபட்சப் பாதுகாப்பு.

தோட்டத்தில் மருந்து அடிக்கிற வேலை என்றால் அதையும் சொல்ல வேண்டும். பூச்சி மருந்துகளில் சில வகை உடம்பில் ஏறினால் வயிற்றுப் பிசைவு, வாந்தி, வாயில் எச்சில் ஊறுவது, நெஞ்சு இறுக்கம் எல்லாம் வரும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 தொடக்கத்திலிருந்து தடை. ஆனாலும் பழைய டப்பா எங்காவது கிடக்கலாம். அடித்த அன்றைக்கே அறிகுறி வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டப்பாவின் லேபிளைப் படம் பிடித்துக் கொண்டுபோங்கள். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையத்தை டாக்டர்கள் கலந்து பேசுவார்கள். லேபிள் இருந்தால் அவர்களுக்கு வேலை சுலபம்.

வெற்றிலை பாக்கும் சுருட்டும் சம்சு சாராயமும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பாக்கு புகையிலை இல்லாமலேயே வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். அது காஸ்ட்ரிக்கைவிடப் பெரிய விஷயம்.

அமில மாத்திரையைச் சாப்பிடும் முறை

ஒமிபிரசோல், பான்டோபிரசோல் மாதிரி மாத்திரை கொடுத்திருப்பார்கள். வலி வந்தபின் போட்டால் இது வேலை செய்யாது. காலைச் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால், தினமும், டாக்டர் சொன்ன காலம் வரை. பொதுவாக நாலிலிருந்து எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். மூன்று நாள் சாப்பிட்டுவிட்டு "கேட்கவில்லை" என்று விடுவது வீண். நாலு மணிக்கு எழுந்து பால் மரம் (ரப்பர்) வெட்டப் போகிறவர் என்றால் எழுந்தவுடன் மாத்திரை, கிளம்பும்போது சாப்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் கொஞ்ச காலம் கூடுதலாகச் சுரக்கும். அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று பயந்துவிடுவோம். எப்படிக் குறைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்களா? இல்லையென்றால் கேளுங்கள். மலேசியாவில் இது மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம் காணப்படுகிறது. மூச்சுச் சோதனையிலோ மலச் சோதனையிலோ எண்டோஸ்கோபியிலோ தெரியும். முக்கியமான விஷயம்: அமில மாத்திரையை இரண்டு வாரத்துக்கு முன்பும் ஆன்டிபயாட்டிக்கை நாலு வாரத்துக்கு முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். இருந்தால் கொடுக்கும் மருந்தை, வாய் கசந்தாலும் வயிறு கலங்கினாலும் முழுதாக முடியுங்கள். பின்னர் கிருமி போய்விட்டதா என்று இன்னொரு சோதனை உண்டு.

ஈனோ மாதிரிப் பொடிகளில் சோடியம் அதிகம். ரத்த அழுத்தக்காரர்கள் தினப்படி குடிக்க வேண்டாம். சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர், ரசத்தில் பெருங்காயம்: அளவோடு இருந்தால் தாராளமாக.

சாப்பாடு: எதை விடுவது என்பதற்கு முன் எப்போது சாப்பிடுகிறோம்

பத்தியம் என்றவுடன் ஆட்கள் காரத்தைத்தான் முதலில் நிறுத்துவார்கள். நம் பட்டணத்து வாழ்க்கையில் எனக்குத் தெரிந்து பெரிய வில்லன் நேரம்தான். விடியற்காலை ஒரு கோப்பி ஓ (பாலில்லாக் கோப்பி), பதினொன்று வரை வெறும் வயிறு, மதியம் தட்டு நிறையச் சோறு, ராத்திரி பத்து மணிக்கு மாமாக் கடையில் மீ கோரெங், நேரே படுக்கை. வயிறு என்ன செய்யும்? கிளம்புமுன் ஒரு வாழைப்பழமோ நாலு பிஸ்கட்டோ ரெண்டு இட்லியோ. மதியச் சோற்றை இரண்டாகப் பிரித்து நாலு மணிக்கு மிச்சம். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம். படுக்கையின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்குக் கட்டை வைத்து உயர்த்துங்கள்; தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும். இடது பக்கம் சாய்ந்து படுத்தால் அமிலம் மேலே ஏறுவது குறையும்.

இதைச் செய்தும் தீரவில்லையென்றால்தான் பொருளை விட்டுப் பார்ப்பது. அதுவும் ஒரு நேரத்தில் ஒன்று, இரண்டு வாரம். முதலில் தே தாரிக்: அதில் பால், சர்க்கரை, தேயிலை மூன்றும் இருக்கின்றன. பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காதவர்கள் நம்மில் நிறைய. பாலில்லாத தே ஓவுக்கு மாறி வயிறு ஊதுவது குறைந்தால் விடை கிடைத்துவிட்டது. அடுத்தது தேங்காய்ப்பாலும் எண்ணெயும்: நாசி லெமாக், பொரித்த கோழி. அப்புறம் காஸ் பானம். அப்புறம் வெங்காயம், பூண்டு, பருப்பு, கொண்டைக்கடலை. குடல் எரிச்சல் உள்ளவர்களுக்கு இவை காற்றைக் கிளப்பும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு வெறும் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் எனக்குக் கவலை. எடை குறையும், எடை குறைந்தால் புற்றுநோய் என்று பயம் வரும், பயத்தில் வயிறு இன்னும் கெடும். பெரிய பத்தியம் வேண்டுமென்றால் அரசு ஆஸ்பத்திரி உணவியலாளரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

நெஞ்சுக்கூட்டு வலி

நீளமான கம்பில் அரிவாள் கட்டிச் செம்பனைக் குலை வெட்டுபவர்கள், மூட்டை தூக்குபவர்கள், தொழிற்சாலையில் கை உயர்த்தி வேலை செய்பவர்கள்: விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தை விரலால் அழுத்துங்கள். அதே வலி அங்கே வந்தால் பெரும்பாலும் அது குருத்தெலும்போ தசையோதான். சூட்டு ஒத்தடம், சில நாள் அந்த அசைவுக்கு ஓய்வு. தேவைப்பட்டால் டாக்டரிடம் எம்.சி. (மருத்துவ விடுப்பு) கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஒரு நிபந்தனை: அழுத்தினால் வலிக்கிறது என்பதற்காக மேலே சொன்ன அவசர அறிகுறிகளை ஒதுக்கிவிட முடியாது.

நரம்பும் பயமும்

"எல்லாம் மனசுதான்" என்று சொல்வார்கள். கேட்டாலே கோபம் வரும். வலி பொய் என்று சொன்னதுபோல் இருக்கிறது. நடப்பது இதுதான். குடலுக்கென்று கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன; அவை மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. ஒரு தடவை கிருமித் தொற்றோ பெரிய பயமோ நீண்ட மன உளைச்சலோ வந்தபின், சிலருக்கு அந்த நரம்புகள் தணிவதில்லை. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டி வைத்து, குறைக்க மறந்தது மாதிரி. மற்றவர்களுக்குத் தெரியாமலே போகும் சாதாரணக் காற்றும் அமிலமும் இவர்களுக்கு வலியாகத் தெரிகிறது. எண்டோஸ்கோபியில் இது தெரியாது. ஆனால் வலி நிஜம்.

பயம் அதை இன்னும் கூட்டும். நெஞ்சு இறுக்குகிறது, மாரடைப்போ என்று நினைக்கிறோம், மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு விட்டால் விரல் மரக்கும், தலை சுற்றும். பார், மாரடைப்புதான் என்று இன்னும் பயம். இந்தச் சுற்று பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்த் தானே இறங்கும். இதயத்தைச் சோதித்து, இது பதற்றம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்து, வழக்கம்போலவே வருகிறது என்றால் இதைச் செய்யலாம்: உட்கார்ந்து ஒரு கையை வயிற்றில் வையுங்கள். நாலு எண்ணும்வரை மூக்கு வழியாக மூச்சை இழுக்க, கை வயிற்றோடு வெளியே வர வேண்டும். ஆறு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். நெஞ்சு ஏறக் கூடாது. வலி வரும்போது மட்டும் செய்தால் கைகொடுக்காது. தினமும் காலையிலும் சாப்பிட்ட பிறகும் ஐந்து நிமிடம் பழக வேண்டும். ஓயாத ஏப்பத்துக்கும் அமிலம் ஏறுவதற்கும்கூட இதே வயிற்று மூச்சை மருத்துவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். வழக்கத்துக்கு மாறான வலி என்றால் மூச்சுப் பயிற்சி வேண்டாம், 999.

டாக்டர் அமிட்ரிப்டிலின் மாதிரி ஒன்றைக் குறைந்த அளவில் ராத்திரிக்குக் கொடுக்கலாம். பெட்டியில் மனச்சோர்வு மருந்து என்று இருப்பதைப் பார்த்து நிறையப் பேர் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இங்கே அது குடல் நரம்பின் வலியைக் குறைக்கத்தான். பலன் தெரியச் சில வாரம் ஆகும். வாய் உலரும், தூக்கம் வரும். முதல் சில நாள் விடியற்காலையில் மோட்டார் ஓட்டுபவர்களும் இயந்திரத்தில் நிற்பவர்களும் கவனம்.

நாடி பிடித்துப் பார்ப்பது, ரத்த அழுத்தக் கருவியைத் திரும்பத் திரும்பக் கட்டுவது, கைக்கடிகாரத்தில் இதயத்துடிப்பு பார்ப்பது, நடுராத்திரியில் யூடியூபில் நோய் தேடுவது: இவற்றைக் குறையுங்கள். டாக்டர் எவ்வளவு தடவை பார்க்கச் சொன்னாரோ அவ்வளவுதான், மீதி நேரம் கருவி அலமாரியில். பயமோ சோர்வோ தூக்கத்தையும் வேலையையும் தின்ன ஆரம்பித்தால் கிளினிக் கெசிஹாத்தானில் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணிலும் மனநல உதவி கிடைக்கும்.

வீட்டில் உள்ளவர்கள்

கண்ணேறு என்பார்கள், மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்வார்கள். கோயிலுக்குப் போய் வருவது நல்லதுதான், மனது லேசாகும். ஆயிரம் வெள்ளி கேட்கிற ஆளைத் தேடிப் போவதற்கு மட்டும் நான் எதிரி. மனைவியோ கணவனோ அம்மாவோ ஒருவரை டாக்டரிடம் கூட அழைத்துப் போங்கள். டாக்டர் வாயால் கேட்டால் "நடிக்கிறான்" என்ற பேச்சு அடங்கும், 999 அழைக்க வேண்டிய அறிகுறிகளும் அவருக்குத் தெரிந்திருக்கும். வலி வரும்போதெல்லாம் வீடே கூடி நின்று நெஞ்சில் தைலம் தேய்ப்பதைவிட, ஒருவர் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதும்.

மறுபடி எப்போது

மாத்திரையோ பத்தியமோ ஆரம்பித்தபின் நாலிலிருந்து எட்டு வாரத்தில் ஒரு தவணை கேட்டு வாங்குங்கள். வலி முழுதாகப் போயிருக்காது. முன்பு வாரத்தில் ஐந்து நாள் வந்தது இப்போது இரண்டு நாளா, வேலைக்குப் போக முடிகிறதா, தூக்கம் வருகிறதா என்று பாருங்கள். கொஞ்சமும் மாற்றமில்லையென்றால் அடுத்த மருந்து, அல்லது ஸ்பெஷலிஸ்ட். புது அறிகுறி வந்தால் தவணை வரை காத்திருக்க வேண்டாம். பழைய "சரி" அதற்குச் செல்லாது.

தைப்பூசம், புரட்டாசி விரதக் காலத்தில் ஒரு வேளைச் சாப்பாடு என்று இருப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசி மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் எடுப்பவர்களுக்கு இது கட்டாயம். அந்த ஒரு வேளையையும் வயிறு முட்டச் சாப்பிடாமல், பழத்தில் ஆரம்பித்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, அப்புறம் சோற்றுக்கு உட்காருங்கள்.